1836-ஆம் ஆண்டு ‘ஒன்றரை ரூபிள் – 10 ஸ்வோட்டி’ வெள்ளிக்காசு: ரஷ்யாவுடையதா, போலந்துடையதா?

கேள்வி இதுதான்: பழைய வெளிநாட்டு நாணயங்களுக்கு நடுவே பெரிய வெள்ளிக்காசு ஒன்று கிடைத்திருக்கிறது. ஒரு பக்கம் இரட்டைத்தலைக் கழுகு, அதற்குக் கீழே எம், டபிள்யூ என்று இரண்டு எழுத்துகள். மறுபக்கம் இலை மாலைக்குள் ரஷ்ய எழுத்தில் ‘ஒன்றரை ரூபிள்’, அதன் கீழே லத்தீன் எழுத்தில் ‘10 ஸ்வோட்டி’, ஆண்டு 1836. இது எந்த நாட்டுக் காசு? அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது? என்ன மதிப்பு இருக்கும்?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது போலந்துக் காசு. ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கோலாஸ் போலந்தின் அரசராகவும் இருந்த காலத்தில், வார்சா நகர நாணயச்சாலையில் அடிக்கப்பட்டது. எம், டபிள்யூ என்பது அந்த நாணயச்சாலையின் முத்திரை. ரஷ்யக் காசு சேகரிப்பவர்களும் போலந்துக் காசு சேகரிப்பவர்களும் இதைத் தங்கள் பட்டியலில் வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். அதனால்தான் இந்த வகைக் காசுக்கு எப்போதும் வாங்க ஆள் இருக்கிறது.

ஆனால் கையில் இருப்பது என்ன என்று புரிய வேண்டுமானால் நாற்பது வருடம் பின்னால் போக வேண்டும். 1795-இல் போலந்தை ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்குபோட்டு முடித்தன. நாடு வரைபடத்திலிருந்தே போய்விட்டது. நெப்போலியன் காலத்தில் 1807 முதல் வார்சா சிற்றரசு என்ற பெயரில் கொஞ்சம் உயிர் வந்தது. அவர் தோற்றதும் 1815 வியன்னா மாநாட்டில், அந்த நிலத்தின் பெரும்பகுதியை ‘போலந்து முடியரசு’ என்ற பெயரில் ரஷ்யப் பேரரசர் முதலாம் அலெக்சாண்டரிடம் ஒப்படைத்தார்கள். பெயரளவில் தனி நாடு: தனி அரசியலமைப்பு, தனி நாடாளுமன்றம், தனிப் படை, தனி நாணயம். அரசர் மட்டும் ரஷ்யத் தலைநகர் பீட்டர்ஸ்பர்கில் இருப்பவர்.

அந்த முதல் கட்டத்துக் காசுகளைப் பார்த்தால் போலந்து மொழிதான் இருக்கும். முன்பக்கம் அலெக்சாண்டரின் தலை. பின்பக்கம் ரஷ்யாவின் இரட்டைத்தலைக் கழுகு, ஆனால் அதன் நெஞ்சின் மேல் கேடயத்துக்குள் போலந்தின் ஒற்றைத்தலைக் கழுகு. கணக்கு ஸ்வோட்டியில், ஒரு ஸ்வோட்டிக்கு 30 குரோஷ். ரஷ்யப் பணத்தோடு இதைக் கட்டிவைத்த முடிச்சு ஒன்று உண்டு: ஒரு ஸ்வோட்டி 15 வெள்ளிக் கோபெக்குக்குச் சமம். இந்த ஒரு விகிதத்தை மனதில் வைத்துக்கொண்டால் இந்தக் காலத்துப் போலந்து வெள்ளி முழுக்கவும் விளங்கிவிடும். பத்து ஸ்வோட்டி என்றால் 150 கோபெக், அதாவது ஒன்றரை ரூபிள். உங்கள் காசில் இருக்கும் விநோதமான ‘ஒன்றரை’ அங்கிருந்துதான் வருகிறது. ரஷ்யாவில் யாருக்கும் ஒன்றரை ரூபிள் காசு தேவைப்படவில்லை. போலந்துக்காரர்கள் பத்து ஸ்வோட்டியாக எண்ணிப் பழகியிருந்தார்கள்.

அலெக்சாண்டர் 1825-இல் இறந்தார். தம்பி நிக்கோலாஸ் வந்தார். இங்கே ஒரு விஷயம் பலரைக் குழப்பும்: அதற்குப் பிறகு வந்த ஸ்வோட்டிக் காசுகளிலும் அலெக்சாண்டரின் முகமே இருக்கிறது. ‘1815-இல் போலந்து முடியரசை உயிர்ப்பித்தவர்’ என்று அவர் தலையைச் சுற்றி எழுதியிருப்பார்கள். ஆட்சியில் இருக்கும் நிக்கோலாஸின் பெயர் மறுபக்கம் வரும். ஆகவே 1830 என்று ஆண்டு போட்ட காசில் 1825-இல் இறந்தவரின் தலை இருந்தால், போலியோ என்று பயப்பட வேண்டாம். அப்படித்தான் அடித்தார்கள்.

அதே காசுகளில் கழுகின் அருகில் இரண்டு சிறிய லத்தீன் எழுத்துகள் இருக்கும். அவை நாணயச்சாலைப் பொறுப்பாளரின் பெயர் முதலெழுத்துகள். ஐ, பி என்றால் யாக்குப் பெனிக். 1827 வரை அவர். எஃப், எச் என்றால் ஃப்ரிடெரிக் ஹுங்கர், 1830 வரை. அதற்குப் பின் கே, ஜி, அதாவது கரோல் குரோனாவ். இந்தக் கடைசிப் பெயரை நினைவில் வையுங்கள். இந்தக் காலத்தின் முழுக் கதையும் அந்த இரண்டு எழுத்துகளின் வழியாகப் போகிறது.

1830 நவம்பர் 29 இரவு வார்சாவில் இளம் படை அதிகாரிகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1831 ஜனவரி 25-இல் நாடாளுமன்றம் நிக்கோலாஸைப் போலந்து அரியணையிலிருந்து நீக்கியதாக அறிவித்தது. போர் மூண்டது. போருக்குப் பணம் வேண்டும். அதுவும் தங்கள் பெயரில் வேண்டும். அதே வார்சா நாணயச்சாலையில் கிளர்ச்சி அரசு தன் காசை அடித்தது: வெள்ளியில் 5 ஸ்வோட்டி, 2 ஸ்வோட்டி, வெள்ளி குறைந்த கலவையில் 10 குரோஷ், செம்பில் 3 குரோஷ், டச்சு வடிவத்தில் ஒரு தங்க டக்கெட்டும் உண்டு. பேரரசரின் தலை போயிற்று. இரட்டைத்தலைக் கழுகும் போயிற்று. அந்த இடத்தில் மகுடம் சூடிய கேடயம். அதன் ஒரு பாதியில் போலந்தின் கழுகு, மறு பாதியில் லித்துவேனியாவின் குதிரைவீரன். 5 ஸ்வோட்டியின் விளிம்பைச் சுழற்றிப் பார்த்தால் ‘கடவுளே, போலந்தைக் காப்பாற்று’ என்று எழுதியிருக்கும்.

கேடயத்தின் கீழே பாருங்கள்: கே, ஜி. அதே குரோனாவ். 1830-இல் பேரரசரின் காசை அடித்தவர், 1831-இல் பேரரசரைத் தூக்கி எறிந்தவர்களின் காசை அடித்தார். செப்டம்பர் 8-இல் வார்சா ரஷ்யப் படையிடம் விழுந்தது. 1832 தேதியிட்டு அலெக்சாண்டர் தலையோடு வந்த 5 ஸ்வோட்டியிலும் கே, ஜி. அந்த மனிதர் என்ன நினைத்தார் என்று காசு சொல்லாது. ஆனால் மூன்று காசையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கிற ஒருவருக்கு அந்த மூன்று ஆண்டுகள் எந்த வரலாற்றுப் பாடத்தையும்விட நெருக்கமாகத் தெரியும். நான் இந்தத் துறையில் ஒட்டிக்கொண்டதற்கு அதுவே காரணம்.

தோல்விக்குப் பின் போலந்தின் தனி உரிமைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கப்பட்டன. 1832-இல் அரசியலமைப்பு போய் அதற்குப் பதிலாக ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. நாடாளுமன்றம் இல்லை, தனிப் படை இல்லை. வார்சாவுக்கு மேலே பீரங்கிகளோடு ஒரு கோட்டை எழும்பியது. அதே 1832-இல் நாணயத்திலும் இரண்டு மொழி வந்தது. முதலில் 15 கோபெக் – 1 ஸ்வோட்டி. அடுத்து முக்கால் ரூபிள் – 5 ஸ்வோட்டி, ஒன்றரை ரூபிள் – 10 ஸ்வோட்டி. பிறகு 30 கோபெக் – 2 ஸ்வோட்டி. இவை 1841 வரை ஓடின. ஆரம்பத்தில் பீட்டர்ஸ்பர்கில் மட்டும் அடித்தார்கள், பிறகு வார்சாவிலும். பீட்டர்ஸ்பர்கில் அடித்ததில் எம், டபிள்யூ இருக்காது. ரஷ்ய எழுத்தில் என், ஜி இருக்கும். ஆங்கிலம் மட்டும் படித்த கண்ணுக்கு முதல் எழுத்து எச் போலத் தெரியும். அது நிக்கோலாய் கிராச்சேவ் என்ற நாணயச்சாலைப் பொறுப்பாளரின் குறி.

இப்போது உங்கள் காசையே எடுத்துக்கொள்ளுங்கள். பேரரசரின் முகம் இல்லை. கழுகின் நெஞ்சில் இப்போது குதிரைமேல் புனித ஜார்ஜ். முன்பு நெஞ்சில் இருந்த போலந்துக் கழுகு, இறக்கையில் இருக்கும் சின்னக் கேடயங்களில் ஒன்றாகக் கசான், அஸ்திரகான், சைபீரியா போன்றவற்றோடு வரிசையில் சேர்ந்துவிட்டது. நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் தேடிப் பாருங்கள். கழுகைச் சுற்றி ஓடும் ரஷ்ய வரி, காசில் உள்ள சுத்த வெள்ளியின் அளவைச் சொல்கிறது: 6 ஸோலோத்னிக், 31½ தோல்யா. ஸோலோத்னிக் என்பது பழைய ரஷ்ய எடை, 4.27 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதில் 96-இல் ஒரு பங்கு தோல்யா. பெருக்கிக் கூட்டினால் கிட்டத்தட்ட 27 கிராம் சுத்த வெள்ளி.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் பலர் இதைத் தவறாகச் சொல்கிறார்கள். ‘தோல்விக்குப் பின் ரஷ்யர்கள் ஸ்வோட்டியின் வெள்ளியைக் குறைத்துவிட்டார்கள், பாருங்கள், காசு எவ்வளவு சின்னதாகிவிட்டது’ என்று 1 ஸ்வோட்டியைக் காட்டுவார்கள். காசு சின்னதானது உண்மை. பழைய 1 ஸ்வோட்டி 4.55 கிராம், புதிய 15 கோபெக் – 1 ஸ்வோட்டி 3.11 கிராம். ஆனால் பழையதில் ஆயிரத்தில் 593 பங்குதான் வெள்ளி, மீதி செம்பு. புதியதில் 868 பங்கு வெள்ளி. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: அதிலும் 2.7 கிராம், இதிலும் 2.7 கிராம். ஒரு மணியளவுகூடக் குறையவில்லை. 10 ஸ்வோட்டியில் அந்த அளவு மாற்றமும் இல்லை. 1820-களில் அலெக்சாண்டர் தலையோடு வந்ததும் 31.1 கிராம், 868 தரம். உங்கள் 1836 காசும் அதே. போலந்தின் அரசியலமைப்பு, படை, நாடாளுமன்றம் எல்லாம் போன பிறகும் ஸ்வோட்டியில் இருந்த வெள்ளி அப்படியே இருந்தது. பறிபோனது காசின் முகத்தில் இருந்த இடம்.

அந்த இடமும் மெல்ல மெல்லத்தான் போனது. 1842 முதல் கணக்கு ரூபிளில்தான் என்று ஆணை வந்தது. பிறகும் 20 கோபெக் – 40 குரோஷ், 25 கோபெக் – 50 குரோஷ் என்று இரட்டை மதிப்புக் காசுகள் 1850 வரை வார்சாவில் அடிக்கப்பட்டன. ‘ஸ்வோட்டி’ என்ற சொல் காசிலிருந்து போய்விட்டது, குரோஷ் மட்டும் மிச்சம். அப்புறம் அதுவும் இல்லை. வார்சா நாணயச்சாலை ரஷ்யக் காசுகளையே அடித்துக்கொண்டிருந்தது. 1840-களில் எம், டபிள்யூ முத்திரையோடு வந்த சாதாரண ரூபிள்களும் உண்டு. 1868 தொடக்கத்தில் நாணயச்சாலையையே மூடிவிட்டார்கள். பியெலான்ஸ்கா தெருவில் அது இருந்த இடத்தில் பின்னாளில் ரஷ்ய அரசு வங்கிக்காக எழுப்பிய கட்டடம் 1944 வார்சா எழுச்சியில் சிதைந்தது. மக்களோ ரூபிள் வந்த பிறகும் பல காலம் சந்தையில் ஸ்வோட்டியிலும் குரோஷிலும்தான் விலை பேசினார்கள். 15 கோபெக் ஒரு ஸ்வோட்டி, ஒரு கோபெக் இரண்டு குரோஷ். மனக்கணக்குக்கு அது போதும்.

சரி, உங்கள் காசு அசலா என்ற கேள்விக்கு வருகிறேன்.

முதலில் எடை. நகைக்கடைத் தராசில், கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் தராசில், 31.1 கிராமுக்கு அருகில் வர வேண்டும். புழங்கித் தேய்ந்த காசில் கொஞ்சம் குறையலாம். 29 என்று காட்டினால் எனக்கு நம்பிக்கை போய்விடும். அகலம் 40 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். காந்தம் ஒட்டவே கூடாது.

எடை மட்டும் போதாது என்பதற்கு இந்தக் காசில் ஒரு தனிக் காரணம் இருக்கிறது. 31.1 கிராம் என்பது தற்செயலாக ஒரு டிராய் அவுன்ஸின் எடை. இன்று விற்கும் ஒரு அவுன்ஸ் சுத்த வெள்ளி வட்டில் அச்சடித்தால் எடை சரியாகவே வந்துவிடும். ஆகவே அடர்த்தியைப் பாருங்கள். தராசின் மேல் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, ஆனால் அடியையும் சுவரையும் தொடாதபடி பிடியுங்கள். 868 தர வெள்ளியின் அடர்த்தி சுமார் 10.26, அப்படியென்றால் தராசு 3.03 கிராமை (31.1-ஐ 10.26-ஆல் வகுத்தது) ஒட்டிக் காட்ட வேண்டும். சுத்த வெள்ளி என்றால் 2.97 அளவில் நிற்கும். வித்தியாசம் சிறியது, நூலில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால்கூடக் குழம்பும், அதனால் பல முறை அளந்து பாருங்கள். வெள்ளி முலாம் பூசிய பித்தளையோ செம்போ என்றால் தூரத்திலிருந்தே தெரியும். அதற்கு இந்த அளவு நுணுக்கம் தேவையில்லை.

பிறகு கண். வார்ப்பில் செய்த போலியில் எழுத்தின் விளிம்பு மழுங்கி, தரையில், அதாவது எழுத்துக்கும் உருவத்துக்கும் இடையிலுள்ள வெறும் பரப்பில், சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். காசின் பக்கவாட்டில் ஒட்டுக்கோடு தெரியலாம். அச்சில் அடித்த காசில் எழுத்து தரையிலிருந்து கூர்மையாக எழும்பும். மாலையின் இலைகளையும், இலைக்கொத்துகளுக்கு நடுவே வரும் மணிக்காய்களையும் எண்ணிப் பாருங்கள். அச்சுக்கு அச்சு அந்த எண்ணிக்கை மாறும்; கழுகின் வால் இறகு விரிந்திருக்கிறதா குறுகியிருக்கிறதா என்பதும் மாறும். சேகரிப்பாளர்கள் இவற்றைத் தனித்தனி வகையாகப் பிரித்துவைத்திருக்கிறார்கள். கரோல் பிளாகே என்பவர் 1902-இல் கிராக்குவில் வெளியிட்ட பட்டியலின் எண்களை இன்றைக்கும் ஏல அறிவிப்புகளில் பார்க்கலாம். உங்கள் காசு அந்த அறியப்பட்ட வகைகளில் எதனோடும் பொருந்தவில்லை என்றால், அரிய புது வகை கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படுவதற்கு முன் போலி என்று சந்தேகப்படுங்கள்.

போலி என்றதும் ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். இதே மதிப்பில், ‘ஒன்றரை ரூபிள் – 10 ஸ்வோட்டி’ என்றே, ‘குடும்ப ரூபிள்’ என்று அழைக்கப்படும் காசு ஒன்று உண்டு. நிதியமைச்சர் கான்கிரின் ஏற்பாட்டில், பாவெல் உட்கின் செதுக்கிய அச்சில், 1835-இலும் 1836-இலும் பீட்டர்ஸ்பர்கில் அடிக்கப்பட்டது. ஒரு பக்கம் நிக்கோலாஸ். மறுபக்கம் நடுவில் பேரரசி, சுற்றிலும் வட்டங்களுக்குள் ஏழு பிள்ளைகளின் முகங்கள். பேரரசருக்கும் அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கும் பரிசாகக் கொடுக்கச் செய்தது. மிகக் குறைவாகவே அடித்தார்கள், பெரிய ஏலங்களில் மட்டுமே அசல் வரும். பழம்பொருள் சந்தையிலும் இணையத்திலும் மலிவாகக் கிடைப்பவை எல்லாம் நகல். உங்களுடையது அந்த வகை இல்லை என்பது ஒரு விதத்தில் நல்லது: சாதாரணப் புழக்கக் காசைப் போலி செய்வதில் அவ்வளவு லாபம் இல்லை.

மதிப்பு. தொகை சொல்ல மாட்டேன். காசைப் பார்க்காமல் சொல்லும் தொகை எதற்கும் உதவாது. ஆனால் எது விலையை ஏற்றும், எது இறக்கும் என்று சொல்ல முடியும். அடித்தளம் 27 கிராம் சுத்த வெள்ளியின் விலை. அதற்குக் கீழே இறங்காது. வார்சா முத்திரையோடு 1836, 1837 ஆண்டுகளின் 10 ஸ்வோட்டி ஓரளவு தாராளமாகவே கிடைக்கும். 1838-க்குப் பிந்தையவை அப்படிக் கிடைப்பதில்லை. ஆகவே உங்கள் காசில் ஆண்டு பெரிய விலையைக் கொண்டுவராது, நிலைமைதான் கொண்டுவரும். கழுகின் இரண்டு தலைகள், நெஞ்சுக் கேடயம், மாலையின் மேல் இலைகள், இவைதான் முதலில் தேயும் இடங்கள். அங்கே வேலைப்பாடு முழுதாக இருந்து, தரையில் அடித்த நாளின் பளபளப்பு மிச்சம் இருந்தால், அதே ஆண்டின் தேய்ந்த காசைப்போல் பல மடங்கு விலை போகும். மேல் விளிம்பில் துளையோ, துளையை அடைத்த தடமோ, பதக்கமாகத் தொங்கவிட்ட வளையத்தின் பற்றவைப்போ இருக்கிறதா என்று பாருங்கள். இவ்வளவு பெரிய வெள்ளிக்காசை மக்கள் நகையாகவும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒரு தடம் இருந்தால் விலை பாதிக்கும் கீழே போகும்.

தயவுசெய்து காசைத் தேய்க்காதீர்கள். விபூதி, புளி, பற்பசை, வெள்ளி பாலிஷ் எதுவும் வேண்டாம். அந்தக் கருமை அழுக்கில்லை, வெள்ளியின் மேல் இத்தனை காலத்தில் தானாகப் படிந்த படலம். சேகரிப்பவர் முதலில் பார்ப்பதே அதைத்தான். தேய்த்த காசில் நுண்கீறல்கள் ஒரே திசையில் ஓடுவது விளக்கு வெளிச்சத்தில் காசைச் சாய்த்தால் உடனே தெரியும். பிறகு அதைச் சரிசெய்ய வழியே கிடையாது. விளிம்பைப் பிடித்தே தூக்குங்கள். பி.வி.சி. கலந்த மென்மையான பிளாஸ்டிக் உறையில் வைக்காதீர்கள், பச்சையாகப் பிசுபிசுக்கும்.

நல்ல நிலைமையில் இருக்கிறது என்று தோன்றினால் என்.ஜி.சி. அல்லது பி.சி.ஜி.எஸ். நிறுவனத்துக்கு அனுப்பித் தரச்சான்று வாங்கலாம். வாங்குபவருக்கு நம்பிக்கை வரும், போலந்து ஏலத்தில் போட்டாலும் கேள்வி வராது. தேய்ந்த காசு என்றால் அந்தச் செலவு வீண், வைத்துக்கொண்டு அனுபவியுங்கள்.

கடைசியாக, கேட்காவிட்டாலும் ஒரு யோசனை. இந்தக் காசு உங்களுக்குப் பிடித்திருந்தால் அடுத்ததாக இன்னொரு 10 ஸ்வோட்டியைத் தேட வேண்டாம். அலெக்சாண்டர் தலையுள்ள 1 ஸ்வோட்டி ஒன்றும், 15 கோபெக் – 1 ஸ்வோட்டி ஒன்றும் வாங்குங்கள். இரண்டும் சின்னக் காசுகள், 10 ஸ்வோட்டியைவிடக் கைக்கு அடக்கமான விலை. 593-க்கும் 868-க்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் தராசிலேயே பார்க்கலாம். பழையதன் அடர்த்தி 9.8 அளவில் வரும். அதற்கப்புறம் காசு சேர்த்து 1831-இன் 2 ஸ்வோட்டியை வாங்குங்கள். அதில் குதிரைவீரனின் இடுப்பில் வாளுறை இருக்கிற வகையும் உண்டு, இல்லாத வகையும் உண்டு; வாங்கும்போது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தெளிவான படம் அனுப்ப மறுக்கிற வியாபாரியிடம் மட்டும் 1831 ஆண்டுக் காசு எதையும் வாங்காதீர்கள்.